சிப்பின் ரகசியத்தை அளக்க என்னென்ன கருவிகள் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிப் கணக்குப் போடும்போது மின்சாரம் குடிக்கிறது. எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறது என்பதைப் பொறுத்து, அது குடிக்கும் அளவும் இம்மி இம்மியாக மாறுகிறது. அந்த இம்மியை அளந்து, உள்ளே இருக்கும் ரகசிய சாவியை (தகவலைப் பூட்டித் திறக்கும் எண்ணை) வெளியே எடுக்க முடியுமா என்று பார்ப்பது வன்பொருள் பாதுகாப்பு ஆய்வில் பெரிய பகுதி. மாணவர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்துவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். விலைப்பட்டியலைப் பார்த்துப் பயந்து, தொடங்கும் முன்பே விலகிப்போன நல்ல மாணவர்கள் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சிப்பை உடைக்காமல், வெளியிலிருந்து அளந்தே சாவி கிடைத்துவிடுமா?

கிடைக்கும். 1996-இல் பால் கோச்சர் என்பவர், ஒரு கணக்கு முடிய எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்தே சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். 1999-இல் அவரும் ஜோஷுவா ஜாஃப், பெஞ்சமின் ஜன் ஆகியோரும் மின்நுகர்வை வைத்து அதைச் செய்தார்கள். இந்தத் துறையே அந்த இரண்டு கட்டுரைகளிலிருந்து கிளைத்தது என்று சொல்லலாம்.

இதன் அடிப்படை எளிமையானது. சிப்புக்குள் ஒரு கம்பியின் நிலை 0-இலிருந்து 1-க்கு மாறினால் கொஞ்சம் மின்னோட்டம் தேவை. ஒரே நொடிப்பொழுதில் எட்டு கம்பிகள் மாறுவதற்கும் இரண்டு கம்பிகள் மாறுவதற்கும் வித்தியாசம் இருக்கும். ஏஇஎஸ் என்ற பரவலான மறையாக்க முறையில் சாவி 128 பிட் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்ப்பது யாராலும் ஆகாத வேலை. ஆனால் உள்ளே அந்தச் சாவி ஒரு பைட், ஒரு பைட்டாகத்தான் பயன்படுகிறது. ஒரு பைட்டுக்கு 256 ஊகங்கள். ஒவ்வொரு ஊகத்துக்கும் மின்நுகர்வு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அளந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சரியான ஊகம் மட்டும் தனித்துப் பொருந்தும். 16 பைட்டுக்கும் சேர்த்து 4,096 ஊகங்கள். ஒரு சாதாரண மடிக்கணினிக்குச் சில நொடி வேலை.

அதாவது கணக்கு சுலபம். அளவீடுதான் கஷ்டம்.

இதற்குப் பல லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டுமா?

தொடங்குவதற்குத் தேவையில்லை. மூன்று சான்றுகள் சொல்கிறேன்.

2002-இல் கேம்பிரிட்ஜில் செர்கெய் ஸ்கொரோபொகாடோவும் ராஸ் ஆண்டர்சனும் ஒளியைப் பாய்ச்சி சிப்பின் நினைவகத்தில் உள்ள பிட்டை மாற்றினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது கேமரா கடையில் 30 டாலருக்கு வாங்கிய பழைய ஃபிளாஷ் விளக்கு. கூடவே ஒரு நுண்ணோக்கி வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான். 2016-இல் இயல் ரோனென், காலின் ஓஃபிளின், அடி ஷமீர், ஆக்கி-ஓர் வைன்கார்ட்டன் ஆகியோர் பிலிப்ஸ் ஹியூ விளக்குகளின் மென்பொருளைப் பூட்டிவைத்திருந்த சாவியை, சில நூறு டாலர் கருவிகளைக் கொண்டே எடுத்தார்கள். 2021-இல் பிரான்சின் நிஞ்சாலேப் நிறுவனத்தார் கூகுள் டைட்டன் பாதுகாப்புச் சாவியை (கணக்கில் உள்நுழையப் பயன்படும் சிறு சாதனம்) பிளந்து, உள்ளிருந்த சிப்பை மின்காந்தக் கசிவு வழியாக வென்றார்கள். அதற்கான கருவிகளின் விலை ஏறத்தாழ 10,000 யூரோ.

மூன்றாவது தொகை நமக்குப் பெரியதுதான். ஆனால் அது, பாதுகாப்புக்கென்றே வடிவமைத்துச் சான்றிதழும் பெற்ற சிப்புக்கு எதிராகச் செலவிட்டது. பாதுகாப்பு ஏதுமில்லாத சாதாரண மைக்ரோகன்ட்ரோலரை (சாதனங்களுக்குள் இருக்கும் சிறு கணினிச் சிப்) அளந்து பழக அதில் சிறு பங்கு போதும்.

அப்படியானால் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

அளக்கப்படும் சிப் உள்ள ஒரு பலகை. அதன் மின்வழியில் ஒரு சிறு மின்தடை. அந்த மின்தடையில் தோன்றும் மில்லிவோல்ட்டுகளைப் பெருக்க ஒரு பெருக்கி. பெருக்கியதை எண்களாக மாற்ற ஸ்கோப்போ (மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்) அது போன்ற வேறு கருவியோ. 'இப்போது தொடங்கு' என்று ஸ்கோப்புக்குச் சொல்லும் டிரிகர் கம்பி. இவற்றை இயக்கிப் பதிவுசெய்ய ஒரு கணினி. சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் எல்லாம் எப்படியும் கையில் இருக்கும்.

இவை எல்லாம் ஒரே பலகையில் வேண்டுமென்றால் சிப்விஸ்பரர் இருக்கிறது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் காலின் ஓஃபிளின் உருவாக்கிய திறந்த மூலக் கருவி அது. 2014 ஹேக்கடே போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றது. பாடங்களும் மென்பொருளும் இலவசம். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். என்ன குறை என்றால், எல்லாம் தானாக நடந்துவிடுவதால் உள்ளே என்ன நடக்கிறது என்று கவனிக்காமலேயே சாவி வந்துவிடும். அதனால் பாடம் முடிந்ததும், அதே அளவீட்டைத் தனி ஸ்கோப் வைத்து ஒருமுறை செய்யச் சொல்வேன். உண்மையான கேள்விகள் அப்போதுதான் வரும்.

கல்லூரியில் 100 மெகாஹெர்ட்ஸ், 8 பிட் ஸ்கோப் ஒன்று இருக்கிறது. அது போதுமா?

பெரும்பாலும் போதும். 8 அல்லது 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலருக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை தாராளம். ஸ்கோப் வாங்கும்போது எல்லோரும் கிகாஹெர்ட்ஸையே பார்க்கிறார்கள். இந்த வேலைக்கு வேறு சிலவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்று, மிகச் சிறிய மின்னழுத்த அளவுகோல் எவ்வளவு என்பது. 8 பிட் என்றால் திரையின் முழு உயரமும் 256 படிகள். ஒரு எடுத்துக்காட்டு: ஒரு பிட் மாறுவதால் வரும் வித்தியாசம் 50 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 10 ஓம் மின்தடையில் அது அரை மில்லிவோல்ட். முழு உயரம் 1 வோல்ட் என்று வைத்தால் ஒரு படி ஏறக்குறைய 4 மில்லிவோல்ட். நாம் தேடுவது ஒரு படிக்குள்ளேயே மறைந்துவிடும். முழு உயரத்தை 40 மில்லிவோல்ட்டாகக் குறைத்தால் ஒரு படி 0.16 மில்லிவோல்ட், இப்போது மூன்று படிகள் தெரியும். அதே ஸ்கோப், அதே சிப், ஒரு குமிழைத் திருப்பியதுதான் மாற்றம். ஏசி கப்ளிங் போட்டு நிலையான மின்னழுத்தத்தை விலக்கினால்தான் இவ்வளவு கீழே இறங்க முடியும்.

இரண்டு, கணினிக்கு எவ்வளவு வேகமாகத் தரவைக் கொடுக்கும் என்பது. சில மேசை ஸ்கோப்புகள் ஒரு அலைவடிவத்தை, அதாவது ஒருமுறை அளந்த மின்நுகர்வின் வரைபடத்தை, கொடுக்கவே ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். பத்தாயிரம் அலைவடிவம் வேண்டுமென்றால் மூன்று மணி நேரத்துக்கு நெருக்கம். யுஎஸ்பியில் இணையும் பிகோஸ்கோப் வகைகளை இந்தத் துறையில் பலரும் விரும்புவதற்கு இதுவும் காரணம். டைட்டன் ஆய்விலும் அந்த வகைதான் இருந்தது. பிகோஸ்கோப்பின் 5000 வரிசையில் 8 பிட்டிலிருந்து 16 பிட் வரை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

மூன்றாவது நினைவக ஆழம். ஏஇஎஸ்ஸின் முதல் சுற்றை மட்டும் பிடிக்கச் சில ஆயிரம் புள்ளிகள் போதும். ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு போன்ற மறையாக்க முறைகளின் நீண்ட கணக்குகளுக்குப் பல லட்சம் புள்ளிகள் தேவைப்படலாம்.

சிப்விஸ்பரர் லைட் நொடிக்கு 10.5 கோடி புள்ளிகள்தான் எடுக்கிறது. 100 கோடி எடுக்கும் ஸ்கோப்புக்கு அது எப்படி ஈடாகும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

சாதாரண ஸ்கோப்புக்குத் தன் சொந்த கிளாக் (வேலையின் தாளத்தைக் கொடுக்கும் துடிப்பு) உண்டு. அளக்கப்படும் சிப்புக்கு வேறொரு கிளாக். இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. அதனால் ஒவ்வொரு முறையும் புள்ளி கொஞ்சம் முன்னும் பின்னுமாக விழும். மின்நுகர்வு உச்சம் மிகக் கூர்மையானது, இந்தச் சிறு நகர்வே மதிப்பைக் கலைத்துவிடும். அதைச் சமாளிக்கத்தான் மிக நெருக்கமாகப் புள்ளிகள் எடுக்க வேண்டியிருக்கிறது.

சிப்விஸ்பரர் சிப்பின் கிளாக்கையே எடுத்து, அதை நான்கு மடங்காக்கி, அந்தத் துடிப்பில் அளக்கிறது. ஊஞ்சல் ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் படம் எடுப்பது போல. சிப் 7.37 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்கு 2.95 கோடி புள்ளிகளே போதுமாகிவிடுகின்றன. பாதுகாப்பில்லாத ஏஇஎஸ் மென்பொருள் என்றால் 50 அலைவடிவங்களிலேயே முழுச் சாவியும் வந்துவிடுகிறது. பின்னர் வந்த ஹஸ்கி மாடலில் 12 பிட், நொடிக்கு 20 கோடி புள்ளி என்று வசதி கூடியிருக்கிறது, ஆனால் அடிப்படை யோசனை இதேதான்.

ஆனால் சிப் தன் உள் கிளாக்கில் ஓடி, அதை வெளியே காட்டாவிட்டால் இந்த வசதி கிடைக்காது. வேகமான ஸ்கோப்பின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

டிரிகர் ஏன் இவ்வளவு முக்கியம் என்கிறீர்கள்?

ஆயிரம் அலைவடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒப்பிடுகிறோம். ஒவ்வொன்றிலும் ஒரே கட்டளை ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. பழகும்போது நம் சொந்த நிரலைத்தான் சிப்பில் ஏற்றுகிறோம். மறையாக்கம் தொடங்கும்போது ஒரு பின்னை (சிப்பின் கால்) உயர்த்து, முடிந்ததும் இறக்கு என்று இரண்டு வரி சேர்த்தால் வேலை முடிந்தது.

வெளிச்சந்தையில் வாங்கிய பொருளில் அந்த இரண்டு வரி இருக்காது. அப்போது சீரியல் கம்பியில் போகும் ஒரு குறிப்பிட்ட பைட்டையோ, ரீசெட் விட்ட கணத்தையோ பிடித்துக்கொள்ள வேண்டும். அதைக் கண்டுபிடிக்க, கம்பிகளில் ஓடும் 0, 1-களைப் பதிவுசெய்யும் லாஜிக் அனலைசர் ஒன்று உதவும். 8 வழி, 24 மெகாஹெர்ட்ஸ் கொண்ட மலிவானவை சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. சிக்ரோக் என்ற இலவச மென்பொருளோடு நன்றாக ஓடும். இந்தச் சிறு கருவி ஆய்வகத்தில் எங்களுக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சமல்ல. பணம் குறைவாக இருந்தால் ஸ்கோப்பைத் தள்ளிப்போட்டாலும் இதை முதலில் வாங்குங்கள்.

இதற்குப் பிறகும் கொஞ்சம் நகர்வு இருந்தால் மென்பொருளில் அலைவடிவங்களை நகர்த்திப் பொருத்தலாம்.

மின்தடையை எங்கே போடுவது? எவ்வளவு ஓம்?

சிப்பின் மின்பின்னுக்கு, அதாவது மின்சாரம் நுழையும் காலுக்கு, மிக அருகில். 10-இலிருந்து 50 ஓம் வரை வழக்கம். அதிக ஓம் போட்டால் அலைவடிவம் பெரிதாகும், ஆனால் சிப்புக்குப் போகும் மின்னழுத்தம் இறங்கி அது ரீசெட் ஆகத் தொடங்கும். 10 ஓமில் ஆரம்பிப்பது நல்லது.

நான் செய்த தவறுகளை இங்கே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு மிச்சமாகட்டும்.

முதல் முறை ஒரு மேம்பாட்டுப் பலகையில் மின்தடையைச் சரியாக வைத்துவிட்டு மூன்று நாள் வெற்று அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்பின் பக்கத்தில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள் அப்படியே இருந்தன. அவற்றின் வேலையே திடீர் மின்தேவையைத் தாங்களே கொடுத்துச் சமன்செய்வது. நாம் அளக்க வந்த ஏற்ற இறக்கத்தை அவை விழுங்கிவிடும். மின்தடைக்கும் சிப்புக்கும் நடுவில் உள்ளவற்றைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் கழற்றினால் சிப் தடுமாறலாம், அதனால் ஒவ்வொன்றாகக் கழற்றி, சிப் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது புரோப், அதாவது ஸ்கோப்பின் அளக்கும் முனை. ஸ்கோப்போடு வரும் புரோப்பில் 10 மடங்கு என்ற நிலை உண்டு. அது அலைவடிவத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துத்தான் ஸ்கோப்புக்குக் கொடுக்கிறது. ஏற்கெனவே மில்லிவோல்ட்டில் இருப்பதைப் பத்தால் வகுத்தால் என்ன மிஞ்சும்? 1 மடங்கு நிலைக்கு மாற்றினால் அலைவரிசை 10 மெகாஹெர்ட்ஸுக்குள் சுருங்கிவிடுகிறது. இரண்டும் வேண்டாம். பலகையிலேயே ஒரு எஸ்எம்ஏ இணைப்பியைச் சால்டர் செய்து, கோஆக்சியல் கேபிளில் நேராக எடுத்துவிடுங்கள். புரோப்பின் நீண்ட கிரவுண்ட் கம்பியும் அப்போது ஒழியும். 15 சென்டிமீட்டர் கம்பி ஒன்றே, புரோப்பின் கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து 100 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய இடத்தில் மணி போல அதிரும். அந்த அதிர்வைச் சிப்பின் கசிவு என்று நம்பி ஒரு வாரம் அலைந்தவர்கள் எங்களிடமே உண்டு.

அப்புறம் கிரவுண்ட் கிளிப். மேசை ஸ்கோப்பில் அது சுவரின் எர்த்தோடு இணைந்திருக்கும். உங்கள் பலகையும் யுஎஸ்பி வழியாகக் கணினியின் கிரவுண்டோடு இணைந்திருக்கலாம். அந்தக் கிளிப்பை மின்தடையின் ஒரு முனையில் மாட்டினால் மின்வழி நேராக ஷார்ட் ஆகும். கிளிப் எப்போதும் கிரவுண்டில்தான் இருக்க வேண்டும். கேபிளின் நடுக்கம்பி மட்டும் சிப்பின் மின்பின்னில். மின்தடையின் இரு முனைக்கும் இடையே அளந்தே ஆக வேண்டுமென்றால் டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும்.

மின்காந்தப் புரோப் எப்போது தேவை?

பலகையைத் தொட முடியாதபோது, அல்லது சிப் பெரிதாகிப் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும்போது. மின்தடை முழுச் சிப்பின் மின்நுகர்வையும் கூட்டிக் காட்டும். மின்காந்தப் புரோப்பை ஒரு மூலையின் மேல் வைத்தால் அந்த மூலையின் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

தொடக்கத்துக்குக் கையால் செய்த புரோப் போதும். மெல்லிய கோஆக்சியல் கேபிளின் நுனியை வளைத்து, சில மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வளையமாக்கி, 20 அல்லது 30 டெசிபெல் பெருக்கியோடு இணைத்தால் ஒரு மைக்ரோகன்ட்ரோலரின் ஏஇஎஸ்ஸைக் கேட்க முடியும். நுட்பமான வேலைக்கு ஜெர்மனியின் லாங்கர் நிறுவனத்தின் புரோப்புகள் பெயர் பெற்றவை. டைட்டன் ஆய்வில் இருந்ததும் அவர்களுடையதே. அதன் சுருளின் விட்டம் அரை மில்லிமீட்டர்.

வளையம் சிறிதானால் இடம் துல்லியமாகும், ஆனால் சமிக்ஞை குறையும், இடம் தேடும் வேலையும் கூடும். கையால் பிடித்துக்கொண்டு தேடவே தேடாதீர்கள். கை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நேற்றைய அளவீடும் இன்றைய அளவீடும் வேறாகிவிடும். பழைய முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சு முனையைக் கழற்றிவிட்டுப் புரோப்பை மாட்டிப் பலர் பயன்படுத்துகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம், நன்றாகவே வேலை செய்கிறது.

இரைச்சல் தாங்க முடியவில்லை. ஏசி ஓடும்போது ஒரு மாதிரி, நின்றால் வேறு மாதிரி வருகிறது.

முதலில் மின்சாரம் கொடுக்கும் இடத்தைப் பாருங்கள். மொபைல் சார்ஜரும் கணினியின் யுஎஸ்பியும் சுவிட்சிங் இரைச்சல் நிறைந்தவை. பலகைக்கு ஒரு பேட்டரியும் லீனியர் ரெகுலேட்டரும் கொடுத்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மேசை மேல் உள்ள எல்இடி விளக்கை அணையுங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள். பலகையைப் பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைக் கிரவுண்டோடு இணைத்தால் வெளிக்காற்றில் வரும் ரேடியோ அலைகள் கணிசமாகக் குறையும்.

மிஞ்சியதைச் சராசரி எடுத்துக் குறைக்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு அளவீடுகள் வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. ஒரு மாலை நேரம் உட்கார்ந்து கேபிளைச் சரிசெய்வது ஒரு வாரம் அளந்துகொண்டிருப்பதைவிட மேல் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஏசி விஷயத்தில் இரைச்சலோடு வெப்பநிலையும் மாறுகிறது. சிப் சூடானால் மின்நுகர்வு மெல்ல நகரும். அளவீட்டைத் தொடங்கும் முன் அரை மணி நேரம் எல்லாவற்றையும் ஓடவிடுங்கள்.

கிளிட்ச் கருவிகளும் இதே ஆய்வகத்தில் வருமா?

வரும். அது அளப்பதற்கு மாறாக, சிப்பைத் தடுமாற வைத்துப் பார்க்கும் வேலை. மின்வழியை ஒரு மாஸ்ஃபெட்டால் (மின்னணுச் சுவிட்ச்) சில நானோநொடிகள் கிரவுண்டோடு இணைத்தால், சிப் ஒரு கட்டளையைத் தவறாகச் செய்யும் அல்லது தாண்டிப்போகும். 2018-இல் ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டில் வாலட்.ஃபெயில் குழுவினர், ட்ரெஸர் கிரிப்டோ பணப்பையின் நினைவகப் பூட்டை இப்படித் தளர்த்திக் காட்டினார்கள். பின்னர் ஜோ கிராண்ட் என்பவர், கடவு எண்ணை மறந்துவிட்ட உரிமையாளருக்கு அவருடைய சொந்தப் பணத்தையே இந்த வழியில் மீட்டுக்கொடுத்தார். ஏறத்தாழ 20 லட்சம் டாலர்.

மின்காந்தத் துடிப்பால் தொடாமலே பிழையை உண்டாக்கும் கருவிகளும் உண்டு. சிப்ஷவுட்டர் 500 வோல்ட் வரை போகும். ராஸ்பெரி பை பிகோவில் கட்டப்பட்ட திறந்த மூலப் பிகோஇஎம்பி ஏறக்குறைய 250 வோல்ட். இரண்டும் உயர் மின்னழுத்தம். மின்தேக்கி இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் நுனியைத் தொடக் கூடாது. தனியாக இருக்கும்போது இந்த வேலையைச் செய்யவும் கூடாது. லேசர் கருவிகளும், சிப்பின் மேலுறையை அமிலத்தால் கரைப்பதும் தகுந்த ஆய்வகத்திலும் பயிற்சி பெற்றவர் முன்னிலையிலும் மட்டும்தான். புகையும் நைட்ரிக் அமிலத்தை வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

எவ்வளவு சேமிப்பிடம் வேண்டும்?

நொடிக்கு 10 கோடி புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்றால் ஒரு நொடி அளவீடு 100 மெகாபைட். ஆயிரம் அளவீடு 100 கிகாபைட். ஏஇஎஸ்ஸுக்கு இவ்வளவு தேவைப்படாது. நீண்ட கணக்குகளுக்குத் தேவைப்படும். அலைவடிவத்தோடு உள்ளீடு, வெளியீடு, ஸ்கோப்பின் அமைப்புகள், தேதி, புரோப் இருந்த இடத்தின் புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். உள்ளீடு தொலைந்த அலைவடிவத்தால் ஒரு பயனும் இல்லை.

நாங்கள் சிப் வடிவமைப்பவர்கள். தாக்கத் தெரிய வேண்டாம், கசிகிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, டிவிஎல்ஏ என்பார்கள், 2011-இல் முன்வைக்கப்பட்டது. ஒரே உள்ளீட்டைத் திரும்பத் திரும்பக் கொடுத்து ஒரு தொகுப்பு, ஒவ்வொரு முறையும் வேறு உள்ளீடு கொடுத்து இன்னொரு தொகுப்பு. இரண்டின் சராசரிகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று காட்டும், புள்ளியியலின் டி மதிப்பைக் கணக்கிடுவார்கள். எங்காவது 4.5-ஐத் தாண்டினால் கசிவு இருக்கிறது என்று பொருள்.

இரண்டு தொகுப்பையும் கலந்துதான் அளக்க வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று அளந்தால் வெப்பநிலை நகர்வே பெரிய டி மதிப்பைக் கொடுத்துவிடும். இல்லாத கசிவைத் தேடி நாள் போகும்.

இந்த அளவீட்டை வடிவமைப்பாளர்களே செய்ய வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். 2024-இல் நிஞ்சாலேப்பின் தாமஸ் ரோஷ் இன்ஃபினியன் சிப்புகளின் மறையாக்க நூலகத்தில் கண்டுபிடித்த கசிவு, 14 ஆண்டுகள், ஏறக்குறைய 80 உயர்நிலைச் சான்றிதழ் மதிப்பீடுகளைத் தாண்டி இருந்திருக்கிறது. டைட்டனைப் போன்ற பாதுகாப்புச் சாவியான யூபிகீ 5-உம் அதில் அடக்கம். காரணம் ஒரு வகுத்தல் வகைக் கணக்கு, உள்ளே உள்ள எண்ணுக்கேற்ப வேறு வேறு நேரம் எடுத்துக்கொண்டதுதான். சான்றிதழைப் பார்த்து நிம்மதி அடையாமல், தங்கள் மேசையிலேயே ஒரு புரோப்பை வைத்துப் பார்க்கும் பழக்கம் வடிவமைப்பாளர்களுக்கு வர வேண்டும்.

இப்போது கையில் ஒரு கருவியும் இல்லை. காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். மற்றவர்கள் அளந்து வெளியிட்ட அலைவடிவங்கள் இருக்கின்றன. பிரான்சில் 2018-இல் வெளியான ஏஸ்காட் தொகுப்பில் 60,000 அலைவடிவங்கள் உள்ளன. வேண்டுமென்றே முன்னும் பின்னும் நகர்த்திய பதிப்புகளும் அதில் உண்டு. டிரிகர் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்கோப் இல்லாமலே அதில் கற்கலாம். ஐஐடி காரக்பூரின் தேப்தீப் முகோபாத்யாயா என்பிடெலில் நடத்திய வன்பொருள் பாதுகாப்புப் பாடமும் இலவசம்.

எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) பலகை ஒன்று கிடைத்தால், ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி செயலியை அதில் ஏற்றிப் பாருங்கள். ஆர்ட்டி ஏ7 பலகையில் ஓடும். அதன் வடிவமைப்பு முழுவதும் திறந்திருப்பதால், அலைவடிவத்தில் ஒரு கசிவு தெரிந்தால் அது எந்தப் பதிவகத்திலிருந்து வந்தது என்று மூலத்துக்குள்ளேயே போய்த் தேடலாம். வாங்கிய சிப்பில் இந்த வாய்ப்பு கிடைக்காது.

சட்டச் சிக்கல் வருமா?

உங்கள் சொந்தப் பொருள், அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி கொடுத்த பொருள், இவற்றில் மட்டும் செய்யுங்கள். மற்றவர் கணினியிலோ சாதனத்திலோ அனுமதியின்றி நுழைவது இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். சந்தையில் உள்ள பொருளில் குறை கண்டால் முதலில் தயாரிப்பாளரிடம் சொல்லி, சரிசெய்ய நேரம் கொடுத்துவிட்டுப் பிறகு வெளியிடுங்கள்.

எல்லாம் சரியாக வைத்தேன். அலைவடிவம் அழகாக வருகிறது. சாவி மட்டும் வரவில்லை.

முதலில், சாவி தெரிந்த சிப்பில்தானே செய்கிறீர்கள்? ஆம் என்றால் அந்தத் தெரிந்த சாவியை வைத்தே தொடர்பு வரைபடம் (கணக்கிட்ட மின்நுகர்வும் அளந்ததும் எங்கே எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டுவது) போடுங்கள். எங்காவது ஒரு முள் எழுகிறதா? எழுந்தால் அளவீடு சரி, தாக்கும் நிரலில்தான் பிழை. எழாவிட்டால் சாவியை விட்டுவிட்டு, உள்ளீட்டு பைட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். சிப் உள்ளீட்டை நினைவகத்தில் ஏற்றும் இடத்தில் அது கட்டாயம் கசியும். அந்த முள்ளும் இல்லையென்றால் டிரிகர் தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது அலைவடிவத்தின் வரிசையும் உள்ளீட்டின் வரிசையும் ஒன்று தள்ளிப்போயிருக்கிறது. இந்த ஒன்று தள்ளிப்போன பிழையை நான் பார்த்த அளவுக்கு வேறெதையும் பார்த்ததில்லை.

உள்ளீட்டின் முள் இருக்கிறது, சாவியின் முள் இல்லை என்றால், நீங்கள் ஊகித்த இடைநிலை மதிப்பைச் சிப் அந்த வடிவில் கணக்கிடவே இல்லாமல் இருக்கலாம். மென்பொருள் வேறு விதமான அட்டவணையைப் பயன்படுத்துகிறதா என்று நிரலைத் திறந்து படியுங்கள். அலைவடிவத்தின் மேலும் கீழும் தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், பெருக்கத்தைக் கூட்டிவிட்டால் அப்படி ஆகும்.

15 பைட் வந்து ஒன்று மட்டும் அடம்பிடித்தால் மீண்டும் அளக்க உட்கார வேண்டாம். கையில் ஒரு உள்ளீடும் அதற்குரிய வெளியீடும் இருக்கின்றன. மிச்சமுள்ள பைட்டுக்கு 256 மதிப்பையும் போட்டுப் பாருங்கள், வெளியீடு பொருந்துகிற இடத்தில் சாவி முழுதாக இருக்கும்.